லண்டன் அத்தைக்கு ஒரு பால் டீ

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்கள் லயத்து வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் இருந்தோம். வந்தவர்கள் லண்டன் அத்தையும் அவருடைய மகளும். வராதவர் அத்தையின் மகன், மாப்பிள்ளை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றார்கள். அவருடைய அம்மா பார்த்துச் சரி என்றால் போதும், தாலி கட்டிக் கூட்டிப்போக மட்டும் வருவார் என்று முன்பே பேச்சு.

அத்தை அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. இதே ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், வரிசை வீடுகளாலான எங்கள் லயத்தின் கடைசி ஒற்றையறைக் காம்பராவில் பிறந்தவர். கல்யாணமாகி லண்டன் போய் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. அக்காவுக்கு முப்பது நடந்துகொண்டிருந்தது. நான் படிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் அவள். எங்கள் குடும்பத்தில் ஏ.எல். பரீட்சை எழுதி, பதுளையில் கதிரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் நான். அதற்கான டியூசன் காசெல்லாம் அவள் கறந்த பால். இதற்கு முன் வந்த வரன்கள் அவளுடைய படிப்பைக் கேட்டதும் திரும்பிப் போயிருந்தன. இதுவும் போனால் இனி ஒன்றும் வராது என்று அப்பா அவள் காதுபடவே சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கிற வீடுகளிலும் விருந்தாளிக்குப் பசும்பாலில் டீ போடுவதில்லை. காலையில் கறக்கிற பால், பால் வாங்க வருகிற லொறிக்குப் போய்விடும். பின்னேரத்துப் பாலில் கன்று குடித்தது போக மீதி கடைக்குப் போகும். நாங்கள் குடிப்பது வெறும் தேத்தண்ணி. மதிக்கத்தக்கவர் யாராவது வந்தால் பால்மா வாங்கி, அவர் கண்ணெதிரே பாக்கெட்டை வெட்டிக் கெட்டியாகக் கரைத்து ஊற்றுவோம். பால்மா விற்கிற விலையில் புதுப் பாக்கெட்டை வெட்டுவதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. பசும்பாலைக் கொடுத்தால், காசு செலவழிக்க மனமில்லாமல் பட்டியில் கிடந்ததைக் கொடுத்தார்கள் என்று ஊர் பேசும். ஆகவே நான் பதுளையிலிருந்து பெரிய பாக்கெட்டாக வாங்கி வந்திருந்தேன். அம்மா அன்று கொழுந்தெடுக்கப் போகாமல் காலையிலிருந்து கோப்பைகளையே கழுவிக்கொண்டிருந்தாள்.

அத்தை வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்ததும் லண்டன் பாலைப் பற்றித்தான் பேசத் தொடங்கினார். போன புதிதில் அங்கே டீயைக் குடித்துவிட்டு அழுதாராம். நீல மூடி, பச்சை மூடி, சிவப்பு மூடி என்று விதவிதமாகப் போத்தல்கள். பச்சையும் சிவப்பும் கழுநீர்தானாம், நீலத்தைக் காய்ச்சினாலும் ஆடை கட்டாதாம். தகரப் பாலை ஊற்றிப் பார்த்தால் டீ பாயசமாகிவிட்டதாம். கோப்பிக்கு ஒன்று, டீக்கு ஒன்று என்று பஸ் மாறிக் கடை கடையாக அலைந்து, கடைசியில் ஒரு குஜராத்திக்காரர் கடையில் மேலே மஞ்சளாக ஆடை மிதக்கிற போத்தலைக் கண்டுபிடித்தாராம். அதுவும் ஊர்ப் பாலுக்குக் கிட்ட நிற்காதாம்.

"தேயிலை அங்கயும் நம்மூருதுதாண்ணே. பாலுக்குத்தான் இத்தன வருஷமா நாக்கு செத்துக் கெடக்கு" என்றார்.

நாங்கள் எல்லாரும் அனுதாபமாகத் தலையாட்டினோம். அவர் எங்களிடம் என்ன கேட்கிறார் என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. அம்மா அவர் பார்க்கிற மாதிரி முன்னால் வந்து நின்று பாக்கெட்டை வெட்டினாள்.

அத்தை ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் தெரிந்த மாட்டுப்பட்டியைப் பார்த்தார்.

"என்னண்ணே இது? பசுவக் கட்டி வச்சுக்கிட்டு எனக்கு மாவக் கரைச்சு ஊத்துறீங்க. நல்லதெல்லாம் காசாக்கிட்டு, வந்தவளுக்கு இது போதும்னு நெனச்சீங்களோ?"

அம்மா பதறிப்போய்ப் பாக்கெட்டின் விலையைச் சொன்னாள். அதைக் கேட்டு அத்தையின் மகள் சிரித்தாள். அங்கே பூனைக்கு வைத்தால்கூட இதைக் குடிக்காது மாமி என்றாள்.

அப்பா எழுந்துவிட்டார். உள்ளே இருந்த அக்காவைப் பார்த்து, "பாப்பா, போய்க் கறந்துட்டு வா" என்றார்.

அப்போது நடுப்பகல். பின்னேரத்துக்கு முன்னால் அந்த மாட்டுக்குப் பால் இறங்காது. அக்காவின் கை படாமல் எப்போதுமே இறங்காது. சேலையையாவது மாற்றிக்கொள்ளட்டும் என்று அம்மா கெஞ்சினாள். வந்தவர்களைக் காக்க வைக்காதே என்று அப்பா அதட்டினார். அக்கா புதுச் சேலையோடும் தலையில் பூவோடும் செம்பை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனாள்.

பழைய ஞாபகம் என்று சொல்லிக்கொண்டு அத்தை பின்னாலேயே போனார். மகள் ஃபோனை எடுத்து லண்டனுக்கு வீடியோவில் அழைத்தாள். அங்கே விடிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை படுக்கையில் இருந்தபடி அக்காவை முதல்முதலாகப் பார்த்தார்.

கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் அதை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. கன்று கத்தியது. அக்கா சேலையை முழங்கால்களுக்கு நடுவே சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். சாணி அப்பிய வாலால் மாடு அவள் கன்னத்தில் அடித்தது. மகள் ஃபோனை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பெண் பார்க்கிறார்கள் அல்லவா, அக்கா நிமிர்ந்து சிரித்தாள்.

"அம்மா, ஃபோனக் கொஞ்சம் தள்ளிப் புடிக்கச் சொல்லுங்க" என்றது ஃபோனில் மாப்பிள்ளையின் குரல். "சாணி நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது."

அத்தை சிரித்தார். மகள் ஃபோன் ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கறந்தாள். செம்பில் பாதிகூட வரவில்லை.

அதில் போட்ட டீயை அத்தை இரண்டு கோப்பை குடித்தார். இதுதான் பால் என்றார். பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பசறையில் சொந்தக்காரர் வீட்டுக்கு இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று வேனில் ஏறிவிட்டார்கள்.

சில நாட்கள் கழித்து அத்தை என் ஃபோனுக்குப் பேசினார். அப்பா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"தம்பி, அவனுக்கு ஒத்து வராதாம். கரண்டுக் கேத்தலப் போடக்கூட அந்தப் புள்ளைக்கு நாங்கதானே கத்துக்குடுக்கணும்? மனசுல வச்சுக்காதீங்க. ஆனா பாலு என்னா பாலு! நான் பிளேன் ஏறுறதுக்குள்ள ரெண்டு போத்தல் நெய் உருக்கித் தர முடியுமான்னு அம்மாவக் கேளு."

நான் வாயைத் திறக்குமுன் அப்பா ஃபோனை வாங்கி, அதுக்கென்ன தங்கச்சி, தந்துருவோம் என்றார். எதற்கு நெய் என்று நான் கேட்டேன். நீ படிச்சவன், ஒனக்குச் சொந்தம் தேவையில்ல என்றார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"புதுச்சேலையோட போயி மாட்டுக்கடியில குந்துனா எவன் கட்டுவான்? நாளையிலேருந்து லொறிக்குப் பால் ஊத்தாத. ஆடைய எடுத்து வை."

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "நான் இனிமே கறக்க மாட்டேன்" என்றாள்.

விடிந்தால் சரியாகிவிடும் என்று அப்பா நினைத்தார். விடிந்ததும் அம்மா போய் உட்கார்ந்தாள். மாடு உதைத்ததில் மல்லாந்து விழுந்தாள். அப்பா மாட்டின் பின்னங்கால்களைக் கட்டிவிட்டுத் தடியால் அடித்தார். அடிக்க அடிக்க அது பாலை இழுத்துக்கொண்டது. அக்காவுக்கு உள்ளே எல்லாம் கேட்டது. அம்மா அவள் காலைத் தொட்டுக்கூடக் கேட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை.

மடி வீங்கிக் கல்லானது. பிறகு ரத்தமும் கட்டியுமாக வந்தது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டும் இரண்டு காம்புகள் அடைத்துக்கொண்டன. லொறிக்காரர் எங்கள் பாலை எடுக்க மாட்டேன் என்றார். நெய் இல்லாமல் விமானம் ஏறிய அத்தை, பசறைச் சொந்தக்காரர்களிடம் எங்களைக் கஞ்சப்பயல்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வியாபாரி வந்து மாட்டையும் கன்றையும் கேட்டார். வளர்ப்பதற்குத்தானே என்று அப்பா கேட்டார். ஆமாங்க, வளர்க்கத்தான் என்றார் அவர், இறைச்சிக்கடை லொறியின் கதவைத் திறந்துகொண்டே. மாடு வாங்கிய கடனில் கட்ட வேண்டிய பாக்கி, டாக்டர் காசு, சேலை, பால்மா எல்லாவற்றையும் கூட்டி, வியாபாரி கொடுத்ததைக் கழித்தால், எங்களுக்கு நட்டமாகப் போனது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.