ராக்கெட் கிளம்பும் நேரத்தில் ஒரு போன்

இன்று கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மனைவியின் தம்பி. அவன் போனில் கிரிப்டோ ராக்கெட் விளையாட்டு. ராக்கெட் ஏற ஏற கட்டிய பணம் பெருகும்; அது வெடிப்பதற்குள் பணத்தை எடுத்துவிட வேண்டும்.

"தோத்தா டபுளா போடணும் மாமா. ஒருவாட்டி ஜெயிச்சா போனதெல்லாம் வந்துரும்."

தோற்றுத் தோற்று, தன் ஜூஸ் கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்க வைத்திருந்த மிச்சப் பணம் முழுவதையும் வைக்கப் போனான். சொன்னால் கேட்கமாட்டான். விரல் பட்டனுக்குப் போன நேரத்தில் அவனுக்கு போன் போட்டேன். என் பெயர் வந்து திரையை மறைத்தது.

"பின்னாடியே உக்காந்துகிட்டு எதுக்கு மாமா கால் பண்றீங்க?" என்று கத்திக்கொண்டே கட் செய்தான். அதற்குள், அவன் பணம் வைக்காத அந்த ராக்கெட் கிளம்பியதுமே வெடித்தது.

ஆலப்பாக்கம் தாண்டியதும் திரும்பி, "நல்லவேளை மாமா" என்று ஆப்பை அழித்தான்.

எனக்குத் தெரிந்த ஒரே பந்தய உத்தி இதுதான். தேவைப்படுபவர்கள் உங்கள் மச்சான் நம்பரை அனுப்புங்கள். நானே கால் பண்ணுகிறேன்.