சுத்தமாக்கிய கம்ப்யூட்டர்

தேனியில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தபோது, வடுகபட்டியிலிருந்து ஒரு டீச்சர் தன் முதல் கம்ப்யூட்டரை வாங்க வந்தார்.

“லினக்ஸ் போட்டா வைரஸ் அண்டாதுன்னு சொல்றாகளே தம்பி, அதையே போட்டுக் குடுங்க.”

எனக்கு லினக்ஸ் தெரியாது. அதை மறைக்க, “அதெல்லாம் படிச்சவகளுக்கு, டீச்சர்” என்றேன். கடையே சிரித்தது. திருட்டு சிடியில் இருந்த விண்டோஸைப் போட்டு அனுப்பினேன்.

மூன்றே மாதத்தில் வைரஸோடு தூக்கி வந்தார்.

“சுத்தம் பண்ணிக் குடுங்க தம்பி.”

ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் செய்தேன். “சுத்தமாயிருச்சு டீச்சர்.”

வெறும் திரையைப் பார்த்தவர், “பழைய செல்லு கெடுமுன்ன இதுல ஏத்தி வச்ச எம்மக போட்டோ எங்கன தம்பி?” என்றார்.

“மறுபடி எடுத்துக்கலாம் டீச்சர்.”

“அவ செத்து வருசமாச்சுய்யா.”

இப்போது எனக்கு லினக்ஸ் நன்றாகத் தெரியும். அந்தப் பெண்ணின் முகம்தான் தெரியாது. அழிப்பதற்கு முன் ஒரு படத்தைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை.