மூக்கரும் கருகாத எண்ணெயும்

பட்டறையில் அவருக்கு மூக்கர் என்றுதான் பெயர். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி எது வந்தாலும் கியர்பாக்ஸில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவுவார், பக்தியோடு கண்ணை மூடி நுனியை மோந்து பார்ப்பார், தீர்ப்பு சொல்வார். எண்ணெய் கருகியிருந்தால் கியர்பாக்ஸ் காலி, இல்லாவிட்டால் கோளாறு வேறிடத்தில். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கும் அடுத்த தெரு மெக்கானிக்கை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் அந்த மூக்கு படுத்துவிட்டது. காய்ச்சல் போனது, மூக்கு எழுந்திருக்கவில்லை. பெட்ரோலும் தண்ணீரும் அதற்கு ஒன்றுதான். இதைப் பற்றி அவர் வீட்டில்கூட மூச்சு விடவில்லை. மூக்கருக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் அப்புறம் பட்டறைப் பக்கம் யார் வருவார்கள்? வழக்கம்போல மோந்துவிட்டு, வண்டியின் வயதைப் பார்த்துக் குத்துமதிப்பாக அடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மாட்டிக்கொள்ளாததால் மேதை என்ற நினைப்பும் குறையவில்லை.

இந்த லட்சணத்தில்தான் மகளின் மாமனார் தன் பழைய வண்டியோடு வந்தார். மேட்டில் ஏறும்போது வண்டி உதறுகிறதாம். மூக்கர் கம்பியை உருவினார், கண்ணை மூடினார்.

"மனசைத் தேத்திக்குங்க சம்பந்தி. எண்ணெய் கருகிடுச்சு. பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடுங்க."

சம்பந்தியின் முகம் தொங்கிவிட்டது. "இதுலதானே உங்க பொண்ணை வேலைக்குக் கொண்டு விடறேன். இனிமே அது ரெண்டு பஸ் மாறிப் போகணுமே."

மகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதை மூக்கர் நினைத்துப் பார்த்தார். ஆனால் சொன்னதை எப்படி விழுங்குவது?

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து சேர்ந்தாள் மனைவி. சங்கதியைக் கேட்டதும் கம்பியைப் பிடுங்கி மோந்து பார்த்தாள்.

"இதுல எங்கேங்க கருகல்? கருகின எண்ணெய் நாத்தம் எப்படி இருக்கும்னு உங்க சட்டையைத் துவைக்கிற எனக்குத் தெரியாதா?"

மூக்கர் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு கம்பியைப் பார்த்தார். எண்ணெய் துளியும் கறுக்காமல் செக்கச் செவேலென்று சுத்தமாக இருந்தது.

கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு வண்டியில் ஏறினார். கியரை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். நின்ற இடத்திலேயே வண்டி உதறியது. கியரே விழாதபோது உதறினால் குற்றவாளி கியர்பாக்ஸ் இல்லை, என்ஜின். பானெட்டைத் திறந்து, ஓடும் என்ஜினில் தீப்பொறி கொடுக்கும் காயில்களின் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் என்ஜின் இன்னும் தடுமாறியது. மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அது ஏற்கெனவே செத்துக் கிடந்தது. வேறு காயில் போட்டதும் வண்டி பட்டறைக்குப் பின்னாலிருந்த மேட்டில் சமர்த்தாக ஏறியது.

"அப்ப கருகிடுச்சுன்னு சொன்னீங்களே?" என்றார் சம்பந்தி.

பட்டறையில் கிடந்த எண்ணெய்த் துணியின் நாற்றம்தான் ஏமாற்றிவிட்டது என்று பழியை அதன்மேல் போட்டிருக்கலாம். ஆனால் நல்ல வண்டியை இரும்புக்கடைக்கு அனுப்பப் பார்த்தது மனதை அறுத்தது.

"காய்ச்சல் வந்ததுலேருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியல, சம்பந்தி."

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். "அதனால என்ன, இனிமே சம்பந்தியம்மா மோந்து பார்க்கட்டும்."

மனைவி சிரிக்கவில்லை. தூக்கைத் திறந்த கை அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டில் நொட்டை சொல்லாமல் கை கழுவாத மனுஷன், இத்தனை மாதமாகப் போட்டதையெல்லாம் வாய் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

"அதான் குறையே சொல்லலையா?"

மூக்கர் தலையைக் குனிந்துகொண்டார். கியர்பாக்ஸ் விஷயத்தில்கூட அவருக்கு இவ்வளவு வெட்கமாக இல்லை.

"என் சமையல் தேறிடுச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டேனே," என்றாள் அவள்.