தீக்கோட்டில் கழற்றிய செருப்பு

வத்திராயிருப்பைத் தாண்டி மேற்கே நடந்துகொண்டிருந்தபோதுதான் காலில் செருப்பு இல்லை என்பது உறைத்தது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தேன். வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போகக்கூடாது, உரசல் ஆகாது. வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைவோம். அன்று காலை பக்கத்து அறை வெடித்தது. அங்கே இருந்தவர்கள் டீ குடிக்க வெளியே வந்திருந்ததால் உயிர் தப்பினார்கள். நான் ஓடினேன். எல்லோரும் நின்ற பிறகும் என் கால் நிற்கவில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எந்த ஊரிலும் ஒரு சீசனுக்கு மேல் தங்கியதில்லை. ஆனால் நடுங்கிக்கொண்டே ஒரு ஊரை விட்டது அதுதான் முதல் தடவை. ரோட்டில் லாரி குலுங்கினாலும் உடம்பு தானாகக் குனிந்தது. வெடிக்க எதுவும் இல்லாத இடமாகப் போவோம் என்று மலையைப் பார்த்து நடந்தேன்.

சாயங்காலம் அடிவாரம் சேர்ந்தால், அங்கேயும் புகை. சரிவில் இடுப்பளவு புல் எரிந்துகொண்டிருந்தது. புகை கண்டால் ஓட வேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்துப் பாடம். இங்கோ ஆணும் பெண்ணுமாகப் பச்சைக் கொப்புகளை ஒடித்துக்கொண்டு தீயை நோக்கி ஓடினார்கள். கிறுக்குப் பிடித்த ஊர் என்று நினைத்தேன். தனியாக நிற்கப் பயந்து, நானும் ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

அனல் முகத்தில் அடித்தது. என்னைவிட மூத்த ஒரு பெண் திரும்பி என் கையையும் சட்டையையும் பார்த்தாள்.

"ஏலே, கையில என்ன வெள்ளியா மின்னுது?"

"அலுமினியப் பவுடர்க்கா. பட்டாசுக் கம்பெனி."

"அட பாவி மனுசா! மருந்தச் சட்டையில சுமந்துக்கிட்டா தீ அணைக்க வந்த? தீவாளிக்கு நாள் கெடக்குலே. ஓடைக்கு ஓடு!"

ஒரு பொறி பறந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் அணைந்தது. ஓடையில் எப்படி விழுந்தேன் என்று தெரியாது. மணலைப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் வெள்ளி போகவில்லை.

இருட்டுமுன் தீ அடங்கியது. அந்த அக்கா ஊர் வனக்குழுவில் இருப்பவள்.

"முந்தி புதுப்புல்லு வரணும்னு நாங்களே தீ வச்சோம். மேல ஊத்து சுரக்கிற சோலை கருகி, கண்மாய்க்குத் தண்ணி நின்னு போச்சு. இப்ப புல்ல அறுத்துக்கிட ஊருக்கு உரிமை இருக்கு, காவலுக்குக் கூலியும் இருக்கு. இங்கன இருந்து கேரளா வரைக்கும் ஒரே காடு. புலி நடக்கிற காடு."

"புலியா?"

"வெடிக்காரனுக்குப் பயத்தப் பாரு! நாளைக்குத் தீக்கோடு வெட்ட ஆள் கொறையுது. வாறியா, இன்னும் ஓடணுமா?"

ஓடத்தான் தோன்றியது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர்களோடு ஏறினேன். தீ தாண்டாமல் இருக்கப் புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக்கும் பாதைதான் தீக்கோடு. கையில் இரும்பு மண்வெட்டி கொடுத்தார்கள். மருந்து அறையில் இரும்பு ஆகாது. உரசினால் பொறி வரும். இங்கே தரையெல்லாம் கல். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஏலே, இது ஒன் கம்பெனி ரூம் இல்ல. முள்ளு கெடக்கு, செருப்பப் போடு" என்றாள் அக்கா.

குனிந்து பார்த்தேன். அவள் இரவலாகக் கொடுத்த செருப்பை நினைவில்லாமலே கோட்டின் ஓரத்தில் கழற்றி வைத்திருந்தேன். எடுத்துப் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு மண்வெட்டியை இறக்கினேன். கல்லில் பட்டு ணங்கென்றது. கண்ணைத் திறந்து, ஒன்றும் வெடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, அடுத்த வெட்டுக்குக் கையை ஓங்கினேன்.