போதாது என்று எழுதியவள்

ஸ்கேல் அக்காவுக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் அந்தக் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்திருப்பாள். முத்திரை போட்ட கடிதமாச்சே என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வரைபட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக மனைகளுக்குப் படம் போடுகிறவள். ஸ்கேல் இல்லாமல் சாப்பிடக்கூடப் போகமாட்டாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அவளிடம் பென்சில் சீவக் கற்றுக்கொண்டதுகள் எல்லாம் இன்றைக்குத் தலைமை வரைவாளர் நாற்காலியில் உட்கார்ந்து அவளையே கேள்வி கேட்கின்றன. அந்த நாற்காலிக்கு ஒரு தேர்வு உண்டு. இரண்டு முறை கோட்டைவிட்டாள். இது மூன்றாவது, வயது வரம்பு முடிகிறது, இனி எழுத முடியாது. இருப்பது பன்னிரண்டு இடம். பன்னிரண்டாவது ஆள் எழுபத்திரண்டு மார்க். இவள் எழுபத்தொன்று.

அந்த ஒன்று போன விதம்தான் வயிற்றெரிச்சல். A என்ற புள்ளி (0,0), B என்ற புள்ளி (6,0). P இரண்டிலிருந்தும் ஐந்து அலகு தூரம். P எங்கே என்று சொல்ல இந்த விவரம் போதுமா? 'போதாது' என்று எழுதினாள். மேலே (3,4)-லும் இருக்கலாம், கீழே (3,-4)-லும் இருக்கலாம், யார் கண்டது? விடைக்குறிப்போ 'போதும், (3,4)' என்றது. கீழே என்று ஒரு பக்கம் இருப்பதே கேள்வி போட்ட புண்ணியவானுக்கு ஞாபகம் வரவில்லை. இவளுக்கு மறக்குமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு எல்லைக்கல்லிலிருந்து அளந்த தூரத்தை மட்டும் நம்பி ஒரு கிணற்றை வேலிக்கு அந்தப் பக்கம் வரைந்துவிட்டாள். கிணற்றுக்காரர் அலுவலகத்துக்கே வந்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

மனு போட்டாள். ஒரு மாசம் கழித்து வந்த பதில்தான் அந்தக் கடிதம்: 'மனுவில் போதிய விவரம் இல்லை. நிராகரிக்கப்படுகிறது.'

"போதாதுன்னு நான் எழுதினா தப்பு, அவங்க எழுதினா சரியா?" என்று வீட்டில் கத்தினாள்.

"விடும்மா, ஒரு மார்க்குதானே," என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் காபியை அவரேதான் போட்டுக்கொண்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தேர்வு அலுவலகத்துக்குப் போனாள். இரண்டு தூண், நடுவே ஒரு மரக் கவுண்டர், அதற்கு அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா.

"முந்நூறு பேருக்குப் போதுமா இருந்தது, உங்களுக்கு மட்டும் எப்படி மேடம் போதல?" என்றார் அவர், தலை நிமிராமல்.

அக்கா பையிலிருந்து டேப்பை எடுத்தாள். "இந்த நுனியைப் பிடிங்க சார்." இடது தூணிலிருந்து அவர் வரைக்கும் நாலு அடி. வலது தூணிலிருந்தும் நாலு அடி. பிறகு தன்னையும் அளந்தாள். அரை அடி தள்ளி நின்றதும் அதே நாலு, நாலு.

"ரெண்டு தூண்லேர்ந்தும் நாலு அடியில ஒருத்தர் இருக்கார். யாரு சார் அது? நீங்களா, நானா?"

குமாஸ்தா இந்தத் தூணைப் பார்த்தார், அந்தத் தூணைப் பார்த்தார். "ரெண்டு பேரும்தான்."

"அப்போ நீங்க மட்டும் ஏன் நாற்காலியில, நான் ஏன் வெளியே கால் கடுக்க நிக்கிறேன்?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். புது மனுவைப் படத்தோடு தன் கையாலேயே எழுதி முத்திரை குத்தினார்.

மூன்று வாரம் கழித்து அவரே ஃபோன் பண்ணினார். "மேடம், கேள்வி தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க! ஒரு மார்க் குடுத்துட்டாங்க!"

அக்கா கையிலிருந்த ஸ்கேலைக் கீழே வைத்தாள். "எனக்கா சார்?"

"எல்லாருக்கும்." குரல் இறங்கியது. "பாரபட்சம் கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல மொத்தமா ஒண்ணு கூட்டிட்டாங்க. ஏற்கெனவே வாங்கினவங்களுக்கும் சேர்த்து. பன்னிரண்டாவது ஆள் இப்போ எழுபத்திமூணு."

அக்காவுக்கு அழுகை வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"அந்தத் தூண் ரெண்டும் அங்கேயேதானே சார் இருக்கு?"

"இருக்கு மேடம்."

"நாளைக்கு வர்றேன். உங்க மேலதிகாரியை வந்து நுனியைப் பிடிக்கச் சொல்லுங்க."