ஐஸ் பெட்டியோடு கழிமுகம் வரை

ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கெடாமல் ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பது என் தொழில். கேட்க லேசாகத்தான் இருக்கும். எங்கள் ஊர் சித்தூரிலிருந்து, ஆறு கடலில் சேரும் பொன்னானிக் கழிமுகம் வரை பஸ் மாறி மாறிப் பெட்டி தூக்கிப் பாருங்கள். ஏதோ ஒரு பெட்டியைச் சுமந்து ஊர் சுற்றிப் பிழைக்கிறவராக இருந்தால் உங்களுக்கு என் பாடு புரியும். வேலையில் மட்டும் என்னைக் குறை சொல்ல முடியாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

பெட்டிக்குள் என்ன?

பஸ்ஸில் ஐஸ் பெட்டி ஏறினால் மீன் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். பக்கத்து சீட் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார். ஒருமுறை கண்டக்டர் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். பாட்டில்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மீனா இருந்தா லக்கேஜ் போட்டிருப்பேனுங்க. வெறுந் தண்ணிக்கு எதுக்குங்க இத்தனை சொகுசு?"

ஊர் மானம்

எங்கள் ஊர்த் தடுப்பணையின் விவசாயிகள் சங்கத் தலைவர் பழனிச்சாமி அண்ணன். அவர் வயல் வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. மேல்மடைக்காரர்களிடம் தண்ணீர் கேட்டுக் கத்தியே தொண்டை கட்டிப்போனவர்.

ஒருநாள் ஆற்றில் பிடித்த பாட்டிலைக் கரையில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனேன். திரும்பி வந்தால் கலங்கல் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது! அண்ணன் அதைக் கொட்டிவிட்டுத் தன் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, துண்டால் துடைத்தும் வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரோ நல்ல காரியம் செய்த முகத்தோடு நின்றார்.

"நம்மூர்த் தண்ணி அசலூருக்குப் போகுதுங்க. அழுக்காப் போனா ஊருக்குக் கேவலமில்லீங்களா, தம்பி?"

வாய் பிளந்த கக்கா

கழிமுகத்தில் கக்கா என்கிற சிப்பி வாருகிறவர் ஆமினும்மா. நெஞ்சளவு தண்ணீரில் நின்று, சேற்றிலிருக்கும் சிப்பிகளை வாரிக் கூடையில் போடுவார். அவர் வீட்டு அடுப்பு எரிவது அதில்தான். கக்காவுக்கு ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்திருக்க வேண்டும். போன கோடையில் ஆறு வரவில்லை. கடல் உள்ளே ஏறிவிட்டது. என் மீட்டரில் உப்பு எகிறியது.

அவர் கூடையைக் கரையில் கவிழ்த்தார். பாதிக்கு மேல் வாய் பிளந்து செத்துக் கிடந்தன. ஆறு எங்கே நின்றுபோனது என்று கேட்டார். எனக்கு இடம் தெரியும், ஆனாலும் மீட்டரைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"மோனே, நம்முடெ புழ எவிடெயா நின்னு போயது?"

ஒரு பலகை

நின்றுபோன இடங்களில் ஒன்று எங்கள் தடுப்பணை. மழை முடிந்ததும் பலகைகளை இரண்டு வரிசையாக இறக்கி, நடுவில் களிமண் திணித்து மிதித்துவிடுவார்கள். ஒரு சொட்டு கசியாது. "ஒரு பலகையையாவது தூக்குங்கண்ணா" என்றேன். கடலுக்குப் போகிற தண்ணீர் தண்டம் என்றார் அண்ணன். வாதாடி ஆகாது என்று, பெட்டியோடு அவரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆமினும்மா கூடையைக் காட்டினார். அண்ணன் ஒரு சிப்பியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். "எல்லாரும் எடுத்திட்டு பாக்கி வந்நால் மதி" என்றார் அந்தம்மா. மிச்சம் வந்தால் போதுமாம். வாய்க்கால் தலைப்பில் போய் இதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அலுத்தவர் அண்ணன். திரும்பும்போது ஒத்தப்பாலம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"நானு வாய்க்காலுக்குத்தானுங்க கடைமடை. அந்தம்மா ஆத்துக்கே கடைமடைங்க, தம்பி."

இந்த வருஷம் எங்கள் அணையில் ஒரு பலகையை மட்டும் இறக்காமல் விட்டார்கள். அந்த இடைவெளியில் போகிற தண்ணீர் மட்டும் கடல் வரை போய்ச் சேராது என்று அண்ணனுக்கும் தெரியும். கீழே உள்ள தடுப்பணைக்காரர்களிடம் போய்க் கத்தத் தொடங்கிவிட்டார். அந்தத் தொண்டை சும்மா விடாது என்று நான் நம்புகிறேன்.

ஆக, கீழே "புழ வந்நோ, மோனே?" என்று ஒருவர், மேலே "தண்ணி போய்ச் சேந்துதுங்களா, தம்பி?" என்று ஒருவர், நடுவில் இரண்டு பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டு ஐஸ் பெட்டி தூக்குவதுதான் இப்போது என் உத்தியோகம்.