டெஸ்ட், அஸ்வதி நட்சத்திரம்

எங்கள் அலுவலகத்தில் நானும் சேச்சியும் போட்ட சண்டையைக் கேட்டிருந்தால் சொத்துத் தகராறு என்றே நினைத்திருப்பீர்கள். விஷயம் இவ்வளவுதான்: கோயில்காரர்களுக்கு எங்கள் மென்பொருளை வீடியோவாகக் காட்டுவதா, அல்லது அவர்கள் கையிலேயே கொடுத்து அமுக்கிப் பார்க்கச் சொல்வதா?

சேச்சி என் மேலாளர். மலையாளி. கோபம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும். எனக்குக் கோபம் வந்தால், எங்கள் ஆபீஸ் இருக்கிற கழக்கூட்டம் ஊர் முழுக்கக் கேட்கும். நாங்கள் செய்திருந்தது கோயில் கவுண்டருக்கான மென்பொருள். பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனைக்கு ரசீது வாங்குவதைத் திருவனந்தபுரத்தில் வழிபாடு எழுதுவது என்போம். கையால் எழுதுகிற அந்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்யலாம் என்பது என் யோசனை. முதல் திரையிலிருந்து கடைசிப் பொத்தான் வரை நான் பார்த்துப் பார்த்துச் செய்தது. அதற்கு முன் வேறொரு பிரிவில் புகார் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். "சார், ஒருதடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்கோ" என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்தில்கூட அதையே உளறுவேனாம். அம்மா சொல்வாள்.

ஏற்கெனவே இரண்டு கோயில்களுக்கு ரெக்கார்டிங் அனுப்பியிருந்தோம். இரண்டு இடத்திலிருந்தும் வாட்ஸாப்பில் ஒரு கும்பிடு வந்தது, அதோடு சரி. மூன்றாவது, வலியசாலையில் எங்கள் தெருக்கோடியிலேயே இருக்கிற சின்னக் கோயில். அவர்களும் கும்பிட்டுவிட்டால் கம்பெனியில் இந்த மென்பொருளை மூடிவிடுவார்கள், நான் மறுபடி புகார் போனுக்குப் போக வேண்டும். சேச்சி இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவையும் ரெக்கார்டிங் மதியடீ," என்றார். "அவர் கண்டால் மதி. தொட்டால் ஒக்கே குளமாகும்." பார்த்தால் போதும், தொட்டால் எல்லாம் நாசமாகும் என்கிறார்.

அதிலும் நியாயம் இருந்தது. ஸ்க்ரீன் ரெக்கார்டிங் ஒரு சாது. நான் மென்பொருளை ஓட்டுவேன், திரையில் நடப்பது பதிவாகும், மேலே என் குரல் விளக்கம் சொல்லும். எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் அது பாட்டுக்கு ஓடி முடியும். இன்டராக்டிவ் டெமோ வேறு ஜாதி. அசலைப் போலவே ஒரு போலி. பார்ப்பவரே அதில் எழுதலாம், பொத்தானை அமுக்கலாம், அடுத்த திரைக்குப் போகலாம். ஆனால் எதுவும் எங்கேயும் பதிவாகாது. சொப்பு வைத்துச் சமைக்கிற விளையாட்டுதான்.

சேச்சி சொன்னாரே என்று, புதிதாக ஒரு ரெக்கார்டிங் செய்ய வீட்டில் உட்கார்ந்தேன். அடேயப்பா, என்ன பாடு! முதலில் குக்கர் கத்தியது. அப்புறம் பழைய பேப்பர்காரர் கத்தினார். அடுத்தது அருமையாக வந்து, கடைசி வரியில் அம்மா "ஏய், கொத்தமல்லி வாங்கினியோ?" என்று கேட்டது மட்டும் என் குரலைவிடத் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. கடைசியில் போர்வைக்குள் புகுந்துகொண்டு, வியர்த்து வழியப் பேசி முடித்தேன்.

பெருமையாக அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்தாள்.

"நன்னாயிருக்கு. யாரு பேசறா?"

"நான்தாம்மா!"

"நீயா? பாவம், யாரோ ஜலதோஷம் பிடிச்ச பொண்ணாக்கும்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு மறுபடி பீன்ஸுக்குப் போய்விட்டாள். வீடியோ முடிந்ததுகூடத் தெரியவில்லை.

பெற்ற தாயையே இரண்டு நிமிடம் பிடித்து வைக்க முடியாத வீடியோ, கோயில் கமிட்டியை எங்கே பிடிக்கப்போகிறது? மறுநாள் சேச்சியிடம் ஒரேயடியாகச் சொன்னேன்: இன்டராக்டிவ்தான். சொதப்பினால் பழி என் தலையில். சேச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி. பக்ஷே ரெக்கார்டிங்கும் என் பையில் இருக்கும்," என்றார்.

வெறி பிடித்த மாதிரி வேலை செய்தேன். அந்த நாட்களில் இருந்த குஷியை இப்போது நினைத்தாலும் கை பரபரக்கிறது. ஒவ்வொரு திரையாகப் படம்பிடித்துக் கோத்தேன். பெயர் கட்டத்தில் மாதிரிக்கு 'டெஸ்ட்' என்று போட்டேன், நட்சத்திரத்துக்குப் பட்டியலில் முதலில் நிற்கிற அஸ்வதி. எங்கள் தொழிலில் எல்லோரும் அதைத்தான் போடுவார்கள். அதை அழித்துவிட்டுத் தங்கள் பெயரை எழுதிப் பார்க்கவும் வழி வைத்தேன். அதோடு நின்றேனா? கடைசித் திரையில் வரும் ரசீது நிஜமாகவே அச்சாகி வந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அலுவலகத்துச் சின்னப் பிரிண்டரைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். சேச்சியிடம் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் தீபாராதனை முடிந்ததும், சந்நிதிக்கு நேர் எதிரே மண்டபத்தில் மேஜை போட்டார்கள். கமிட்டியோடு தெருவில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள், அம்மா உட்பட. செக்ரட்டரி மாமா அரசாங்க ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் சட்டென்று நம்பமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் லேப்டாப்பைத் திறந்து ஒரு தடவை செய்து காட்டினேன். கர்ர் என்று சத்தம் போட்டுப் பிரிண்டர் ஒரு ரசீதைத் துப்பியது: டெஸ்ட், அஸ்வதி, அர்ச்சனை, நாளைய தேதி.

மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் அமுக்கினாலும் வருமோ?"

"நீங்களே வந்து உக்காருங்கோ மாமா."

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். அவர் மகள் பூனாவில் நிறைமாதம், தெருவுக்கே தெரியும். மகளின் பெயர், ரேவதி நட்சத்திரம், அர்ச்சனை, பொத்தான். கர்ர்! ரசீதைக் கிழித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்வளவுதான், மண்டபமே எழுந்துவிட்டது. "எனக்கு, எனக்கு" என்று வரிசை நின்றார்கள். மாமிகள் மருமகளுக்கு, பேரனுக்கு, பரீட்சை எழுதுகிற பையனுக்கு என்று எழுதித் தள்ளினார்கள். அம்மாவும் முண்டியடித்து வந்து என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். சேச்சி என் கையை நறுக்கென்று கிள்ளி "அடிபொளி!" என்றார். நான் தரையிலேயே இல்லை.

ரசீதுகளை எல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மாமா கேட்டார்: "சரி, நாளைக்குக் காலம்பற பூஜைக்கு முன்னாடி போத்திக்கு இந்தப் பேரெல்லாம் எப்படிப் போகும்?"

போத்தி எங்கள் கோயில் அர்ச்சகர். நான் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் போகாது மாமா. இது சும்மா டெமோவாக்கும். எங்கேயும் பதிவாகாது," என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள்.

"சும்மாவா?" என்றார் மாமா. "சந்நிதிக்கு எதிர்லே உக்காந்து பேரும் நட்சத்திரமும் சொல்லியாச்சு. கையிலே ரசீது இருக்கு. பிள்ளத்தாச்சிப் பொண்ணு பேராக்கும் அது. இப்போ சும்மான்னா என்ன அர்த்தம்?"

"ஸ்வாமிகிட்டப் போய் வெளையாடுவாளோ யாராவது?" என்றாள் ஒரு மாமி. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

ஐயோ, என் புத்தி எங்கே போயிற்று! இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். கவுண்டரில் ஒருமுறை பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டால், பஸ் போனாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, அந்த வழிபாடு நடந்தே ஆகவேண்டும். இங்கே சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். ஆபீஸில் நாள் முழுக்கப் போலிப் பெயர் அடித்து அடித்து எனக்கு மரத்துப்போயிருந்தது. சுவாமிக்கு எதிரே உட்கார்ந்து போலி ரசீது அச்சடித்தவள் ஊரிலேயே நான் ஒருத்திதான்.

சேச்சி பையில் கையை விட்டார். "ரெக்கார்டிங் இடட்டே?" என்று காதோரம் கேட்டார், போடட்டுமா என்று.

"வேண்டாம் சேச்சி!" நான் கத்தியதில் தூணில் இருந்த புறா பறந்தது. எனக்கு என் மேலேயே அவ்வளவு கோபம். கமிட்டியைப் பார்த்துச் சொன்னேன்: "மாமா, என் தப்புதான். ஆனா எல்லா அர்ச்சனையும் நாளைக்குக் காலம்பற நடக்கும். ஒண்ணுகூட விடாது. அசல் மென்பொருளும் இதிலேயே இருக்கு. இப்போவே நான் எல்லாத்தையும் அதிலே எழுதறேன். நீங்க பேரை மட்டும் வாசியுங்கோ."

போலியை மூடினேன், அசலைத் திறந்தேன், முதல் பெயரை அடிக்கப்போனேன். மாமா என் தோளைத் தட்டினார்.

"நகரு. என் பொண்ணுக்கு நான்தான் எழுதுவேன். எனக்குத் தெரியும்."

உட்கார்ந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெயர், நட்சத்திரம், அர்ச்சனை, பொத்தான். இந்தத் தடவை விரல் தேடக்கூட இல்லை. அவர் எழுந்ததும் ஒரு மாமி, அப்புறம் அம்மா, அப்புறம் இன்னொருவர். எங்கே அமுக்கணும் என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை! சொப்பு வைத்து விளையாடியவர்கள் அடுப்பங்கரைக்குள் நுழைந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள். நான் செய்வதற்கு ஒன்றுமில்லாமல், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சேச்சி மெதுவாகப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

எல்லாம் முடிந்து, போத்திக்கான பெயர்களையும் அச்சிட்டுக் கொடுத்தேன். மாமா பழைய ரசீதுகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

"டெஸ்ட், அஸ்வதி. இது யாரு?"

"அது யாருமில்லே மாமா. மாதிரிக்குப் போட்டது."

"ரசீது வந்திருக்கோல்லியோ?"

"வந்திருக்கு. ஆனா அப்படி ஒரு ஆளே..."

"ஆள் இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? பேரும் நட்சத்திரமும் ஸ்வாமி கேட்டாச்சு," என்றார் மாமா. என்னை நகரச் சொல்லிவிட்டு, தாமே உட்கார்ந்து அதையும் எழுதினார்.

மறுநாள் காலை குளித்துவிட்டு அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். சேச்சியும் கழக்கூட்டத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்து நின்றார், கரை போட்ட வெள்ளைச் செட்டு முண்டு உடுத்தி. மண்டபம் நிறைந்திருந்தது. போத்தி என் மென்பொருளில் இருந்து வந்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பெயர் பெயராகச் சொல்லி அர்ச்சனை செய்தார். மாமாவின் மகள் பெயர் வந்தபோது மாமா கண்ணை மூடிக்கொண்டார். கடைசியாக, கொஞ்சமும் தயங்காமல், கணீரென்று வந்தது: "அஸ்வதி நக்ஷத்ரே ஜாதஸ்ய, டெஸ்ட் நாமதேயஸ்ய..."

அம்மா முழங்கையால் என்னை இடித்தாள். எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது, கூடவே அழுகையும் வந்து தொலைத்தது. சேச்சி மட்டும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தார்.

போத்தி பிரசாதத் தட்டோடு வெளியே வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அவரவர் வந்து சந்தனமும் பூவும் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஓர் இலைத்துண்டு பாக்கி.

"டெஸ்ட்! யாராத்துப் பிள்ளை?"

இரண்டு கையையும் நீட்டினேன். "எங்காத்துக் குழந்தைதான்."

பின்னாலிருந்து செக்ரட்டரி மாமாவின் குரல் கேட்டது. "தீர்க்காயுசா இருக்கட்டும். நாளைலேர்ந்து வழிபாடெல்லாம் அதிலேயே எழுதிக்கலாம்."